ஐந்து குதிரை

ஓர் அறைக்கு எத்தனை குதிரை ஏசி வேண்டும் என்பது இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதில்லை, இன்ஸ்பெக்டர் பாஷா. கெய்ரோவில் நாம் எல்லோரும் ஏசியைக் குதிரைக் கணக்கில், அதாவது குதிரைத்திறனில், வாங்குகிறோமே தவிர, வாங்குவதற்கு முன் அறையை யாரும் அளப்பதில்லை. நான் அளந்தேன். என் தங்கை இனாயத்தின் அறை நான்கு மீட்டருக்கு மூன்றரை. ஒன்றரைக் குதிரை தாராளமாகப் போதும். நான் வாங்கியது ஐந்து குதிரை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எதையோ மறைத்தேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது.

என் பெயர் ரஃபத். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் காய்கறிக்காரன் எதிரில் வருகிற எவனையும் 'பாஷ்முஹந்திஸ்', பெரிய எஞ்சினியர், என்றுதான் கூப்பிடுவான். பல் டாக்டரும் பாஷ்முஹந்திஸ், பஸ் கண்டக்டரும் பாஷ்முஹந்திஸ். நான் நிஜமாகவே கட்டட எஞ்சினியர். பதினான்கு மாடி, ஐம்பத்திரண்டு குடும்பம் உள்ள, நான் குடியிருந்த கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். கட்டடத்தின் வரைபடங்கள் என் அலமாரியில்தான் இருந்தன. அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் என் படிப்புக்கு அவமானம்.

இனாயத்துக்குப் புருஷன் போய் ஒன்பது வருஷம். ஒரே ஒரு பெட்டியோடு பதினோராம் மாடிக்கு என்னிடம் வந்தாள். அன்றிலிருந்து அவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் எனக்கு ஃபூல் பயறு வேகவைப்பாள், சட்டை தேய்ப்பாள், மாத்திரைகளை எண்ணி வைப்பாள், மதியம் முலூகியா கீரை கடைவாள், சாயங்காலம் கால் பிடித்துவிடுவாள். இப்படியே ஒன்பது வருஷமாக ஒரு குறையுமில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டேன்.

கட்டடத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பொந்து இருக்கிறது. வெளிச்சம் வரட்டும் என்று விட்டது. வந்ததென்னவோ ஐம்பத்திரண்டு வீட்டு வெங்காய வாசனைதான். அந்தப் பொந்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரில், ஷவ்கத் இருந்தார். மனைவியை இழந்தவர். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொன்னவர். ஓய்வு பெற்றும் வாய் ஓயவில்லை. ஜன்னலில் நின்றுகொண்டு, "பதினோராம் மாடி இனாயத் அம்மையாரின் கனிவான கவனத்திற்கு. கத்தரிக்காய் ஊறுகாய் பத்து நிமிஷம் தாமதமாக வந்து சேரும்" என்பார். பிறகு ஒரு நீளக் கம்பில் கூடையை மாட்டி நீட்டுவார். இவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒன்பதாம் மாடிவரை கேட்கும் என்று எனக்குப் புகார் வந்தது. புகாரை எழுதியவன் நானே என்றாலும் புகார் புகார்தான்.

பெருநாளுக்கு மறுவாரம் அவர் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெட்டி கேக்கோடு வந்து உட்கார்ந்தார். முறைப்படி என்னிடம் பெண் கேட்டார். காபி கொண்டுவந்த இனாயத்தின் காதில் தொங்கட்டான் ஆடியது. ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு.

"உங்க வாயால ஒரு வார்த்தை, பாஷ்முஹந்திஸ். அதுக்காகத்தான் வந்தேன்" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

கேக் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து இனாயத் கேட்டாள்: "யோசிச்சாச்சா, அண்ணே?"

"யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"பிரமிடு கட்டினவன்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, என் தட்டை ஓசைப்படுத்தி எடுத்துக்கொண்டு போனாள். அன்று இரவு உணவில் உப்பில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். உப்புக்காக இல்லை, பாஷா. எதிர் வீட்டுக்காரன் ஒரு வார்த்தையில் என் வீட்டையே காலி பண்ணிவிடுவான் என்று தோன்றியது. அவளுக்கு உலகம் தெரியாது. அங்கே போய் என்ன கஷ்டப்படுவாளோ என்ற கவலைதான்.

ஜூன் மாதம் அவளே, "என் ரூம் அடுப்பா கொதிக்குது" என்றாள். இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள். கேட்டது அவள்.

எங்கள் கட்டடத்தில் ஏசியின் வெளிப்பெட்டியை வெளிச்சுவரில் தொங்கவிடக் கூடாது. விதியை எழுதியவன் நான். அதனால் சுவரைக் குடைந்து சுவருக்குள்ளேயே பதிக்கிற பெட்டிதான் வாங்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை சில. துவாரம் எவ்வளவு பெரிது, தண்ணீர் வெளிப்பக்கம் வடிகிறதா, எவ்வளவு சத்தம். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே இழுத்த சூட்டை அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது.

"எத்தனை குதிரை?" என்றார் கடைக்காரர்.

"அஞ்சு."

"கல்யாண மண்டபமா?"

"தங்கச்சி ரூமு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமே இல்லாத மாடல் ஒண்ணு வந்திருக்கு."

"சத்தம் இருந்தா பரவாயில்ல. அனல் நேரா அடிக்குமா, பக்கவாட்டுல போகுமா?"

"இது நேரா அடிக்கும். ஆனா எதிர்ல ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. இருந்தா வெந்துருவாங்க."

"அதையே கட்டுங்க" என்றேன். தேர்வு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நாலு கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு, முடிவெடுத்துவிட வேண்டும்.

அடுத்தது இடம். இனாயத் அறையில் பொந்தைப் பார்த்த சுவரில் இடது பாதி செங்கல். அதைக் குடைந்தால் எதிரில் கழிவுநீர்க் குழாய்கள்தான். வலது பாதிக்கு நேர் எதிரில் ஷவ்கத்தின் படுக்கையறை ஜன்னல். ஆனால் வலது பாதி சுவர் இல்லை. சுவர் மாதிரி தட்டையாக இருக்கிற காங்கிரீட் தூண். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடிவரை கட்டடத்தின் அந்த மூலையைத் தாங்குவது அதுதான். வரைபடத்தை விரித்து நன்றாகப் பார்த்தேன். பிறகு வலது பாதியில் பென்சிலால் கட்டம் போட்டேன்.

துளை போட வந்தவர் மேஸ்திரி தர்வீஷ். நல்ல மனுஷன், அவர்மேல் ஒன்றும் எழுதாதீர்கள். ஒரு மணி நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயா, கம்பி வருது. இது தூணு."

"கம்பி வந்தா அறுங்க."

"இதுக்கெல்லாம் ஒரு எஞ்சினியர் வந்து சொல்லணும்."

"நான்தான் எஞ்சினியர்."

"அது சரி, எல்லாருந்தான் எஞ்சினியர். என்னையே பாஷ்முஹந்திஸ்னுதான் கூப்பிடுறாங்க. நான் சொல்றது நிஜ எஞ்சினியர்."

அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க பாஷ்முஹந்திஸ்" என்று சொல்லிவிட்டுப் போய் அறுத்தார். பதினாறு கம்பியில் ஒன்பது.

நான் யோசனை இல்லாதவன் இல்லை. கணக்குப் போட்டேன். மேலே மூன்று மாடி, அதன் பாரம், மிச்சமிருக்கிற காங்கிரீட். அக்டோபர்வரை தாங்கும் என்று வந்தது. அதற்குள் ஷவ்கத் வெந்து வெறுத்துப்போய் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார். பிறகு துவாரத்தை அடைத்துவிடலாம். என் கணக்கில் பிழை இல்லை, பாஷா. கட்டினவன் சிமெண்டில் கை வைத்திருக்கிறான். மனசாட்சி இல்லாத ஆட்கள்.

ஏசி ஓட ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, ஐந்து குதிரையும் ஓடியது. எதிர்ப்பக்கம் ஷவ்கத்தின் திரைச்சீலை உள்நோக்கிப் படுத்தே கிடந்தது. மூன்றாம் நாள் அவர் ஜன்னலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பாஷ்முஹந்திஸ், உங்க புண்ணியத்துல சட்டை கால் மணி நேரத்துல காயுது. இஸ்திரிகூட வேணாம்" என்றார்.

இந்தப் பக்கம் இனாயத் ஜூலை மாதத்தில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தாள். அணைக்கச் சொன்னாள். அவள் நன்மைக்காக ரிமோட்டை என் பையில் வைத்துக்கொண்டேன். அதனால் அவள் குளிர் தாங்காமல் பொந்தைப் பார்த்த கூடத்து ஜன்னலுக்குப் போய், வருகிற அனலில் குளிர்காய்ந்துகொண்டு நின்றாள். எதிரில் அவர். நாள் முழுக்கப் பேச்சு.

பன்னிரண்டாம் மாடி அம்மாள் வந்து சமையலறைக் கதவு மூடவில்லை என்றார். மரம் உப்பியிருக்கும் என்றேன். பதின்மூன்றாம் மாடியில் சுவரில் கோடு விழுந்தது. பூச்சு வெடிப்பு, கோடையில் சகஜம் என்று சங்கத்தின் தாளில் எழுதிக் கொடுத்தேன். பதினான்காம் மாடிக்காரர், மேசையில் வைத்த முட்டை தானாக உருண்டு பொந்துப் பக்கமே போகிறது என்றார். முட்டையை மேசையில் வைக்காதீர்கள் என்றேன். எல்லாப் புகாருக்கும் அன்றைக்கன்றே பதில் சொல்லியிருக்கிறேன், கோப்பைப் பாருங்கள்.

ஆகஸ்ட் பதினொன்று மத்தியானம் கட்டடத்திலிருந்து மாவு மில் மாதிரி ஒரு முனகல் வந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இருநூற்று நாற்பது பேர் நடைபாதையில். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதையும் எழுதுங்கள். ஒருத்தர் நகையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், ஒருத்தர் கிளிக்கூண்டை. இனாயத் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் என் மாத்திரைகள் என்று நினைத்தேன்.

நாலாம் மாடியில் இருந்தவர் திருமணப் பதிவாளர் ஷேக் முன்ஸிஃப். அவரும் தன் சோபாவோடு நடைபாதையில்தான் இருந்தார், பதிவேடு மடியில். இனாயத் ஷவ்கத்தோடு அவர் முன்னால் போய்க் கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டை, போட்டோ, இரண்டு பேரின் மருத்துவச் சான்றிதழ், எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

"அண்ணன் சம்மதமா?" என்று ஷேக் கேட்டார்.

"அண்ணன் யோசிச்சுக்கிட்டிருக்கார். நீங்க எழுதுங்க" என்றாள் இனாயத்.

ஐம்பத்திரண்டு குடும்பமும் குலவை போட்டது. சாட்சிக்கு அடிபிடி. வீட்டை இழந்து நிற்கிறவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் மாநகராட்சி எஞ்சினியரிடம் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று இனாயத் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள், பாஷா. திராட்சை இலையில் சோறு மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். இவளும் ஷவ்கத்தும் போர்ட் சயீதுக்கு, அவருடைய அக்கா வீட்டு மாடிக்குப் போகிறார்களாம்.

"அவ்வளவு தூரமா?" என்றேன்.

அவள் இலைச் சோற்றை என் பக்கம் தள்ளினாள். அழுதிருந்தாள் போலிருக்கிறது, கண் வீங்கியிருந்தது. "சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எங்கண்ணே போயிருப்பேன்? எதிர் ஜன்னலுக்குத்தானே? உங்க ஃபூலைக் கம்புல மாட்டியே நீட்டியிருப்பேனே."

இரண்டரை மீட்டர். அனல் போய்ச் சேருமா என்று பார்க்க நானே நாடா பிடித்து அளந்த தூரம்தான்.

ஆகவே, ஆமாம். அது தூண் என்று தெரியும். மேலே மூன்று மாடியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அறுக்கச் சொன்னவன் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, அதில் 'தங்கையின் சௌகரியம்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.