நீர் மாத்திரையும் தபசு மரமும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில், கிளம்பக் காத்திருந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். தம்பி சொன்னதைக் கேட்டு நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டாக்டரம்மா என் ஹார்ட்ட பத்திக் கேட்டு முடிச்சிட்டு, பஸ்ஸ பத்திக் கேட்டாங்கக்கா."

"பஸ்ஸா? அது இன்னாத்துக்கு?"

"காலு வீங்கியிருக்குது, நீர் மாத்திரைய உட்டுட்டீங்களான்னாங்க. ஊருக்குப் போற அன்னிக்கிப் போட மாட்டேன், போட்டா பஸ்ல ஒண்ணுக்கு அடக்க முடியலன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தா, எங்க போறீங்க, எப்ப திரும்புவீங்கன்னு கேக்குறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"திரௌபதியம்மன் கோயில்ல அர்ச்சுனன் தபசு கூத்து பாக்கணும்னேன். போன வருசம் மாத்திரைய போட்டுக்கினு வந்து, அர்ச்சுனன் வேசம் கட்டுனவன் தபசு மரம் ஏறுற நேரம் பாத்து நான் எழுந்து ஓடுனேனே."

அக்காள் சிரித்துவிட்டார். "அவன் மேலேருந்து எலுமிச்சம்பழம் வீசுறான், கீழ உன் துண்டு மட்டும் எடம் புடிச்சிக்கினு கெடக்குது."

"ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் அந்த மாத்திர இல்லாம ஆவாதாம். அதனால நிறுத்தாதீங்க, இன்னிக்கி மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து போட்டுக்கோங்கன்னுட்டாங்க."

பஸ் கிளம்பியது. அக்காள் தம்பியின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"அப்ப இன்னிக்கும் ஓரமாவே உக்காரலாமா?"

"ஓரம் எதுக்குக்கா? மரத்துக்கு நேரா, கூட்டத்துக்கு நட்டநடுவுல உக்காரலாம்."