பேரைச் சொன்னால் ரயில் ஏறலாம்

புஷ்பவல்லி: என்னங்க... மெதுவாப் போங்க! என் சேலைத் தலைப்பை யாரோ மிதிச்சுட்டாங்க.

வேலாயுதம்: தலைப்பை இடுப்புல சொருகிட்டுப் பக்கத்துல வா. ஏன் நாலு அடி பின்னாடியே வர்றே?

புஷ்பவல்லி: அத்தை சொல்லியிருக்காங்க. பொண்டாட்டி பின்னாடிதான் நடக்கணுமாம்.

வேலாயுதம்: எங்கம்மா இந்தச் சீன விளக்குத் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்ததில்லே லா! கிள்ளான் மொத்தமும் இந்த ஒரு தெருவுல நிக்குது. கோலாலம்பூர்ல பாதி நம்மகூட ரயில்லயே வந்து இறங்கிடுச்சு.

புஷ்பவல்லி: அந்த ரயிலைப் பத்திப் பேசாதீங்க. ஜன்னல் வழியா என்னை மூட்டை மாதிரி உள்ள தள்ளினீங்களே!

வேலாயுதம்: மூட்டை கத்தாது. நீ கத்தினே.

புஷ்பவல்லி: முன்னப்பின்ன தெரியாத சீனத்தி மடியில போய் விழுந்தா கத்தாம? பாவம், அவங்க திட்டக்கூட இல்லே. ஒரு ஆரஞ்சுப் பழம் குடுத்தாங்க.

வேலாயுதம்: அதோ பாரு... மீன் விளக்கு!

புஷ்பவல்லி: ஐயோ, வாலை ஆட்டுதுங்க! அதுக்குப் பின்னாடி முயல்... தாமரை... அம்மாடி, எத்தனை! உள்ள மெழுகுவத்தி எரியுதே, காகிதம் எப்படிங்க பத்திக்காம இருக்கு?

வேலாயுதம்: என்னைக் கேட்டா? தண்டவாளம் மாத்துற பாயிண்ட்ஸ்மேனுக்குத் தெரிஞ்ச விளக்கு ரெண்டே ரெண்டு. பச்சை, சிவப்பு.

புஷ்பவல்லி: தள்ளாதீங்க அண்ணே... எங்க போறதாம் நான்? என்னங்க, கையைக் கொஞ்சம்...

வேலாயுதம்: பிடிச்சுக்கோ. இங்க யாரும் பார்க்க மாட்டாங்க. நல்லாத்தான் இருக்கு இந்த நெரிசல்!

புஷ்பவல்லி: சும்மா இருங்க...

வேலாயுதம்: கேளு. கை நழுவிப் போச்சுன்னா நேரா ஸ்டேஷன் கேட்டுக்கு வந்துடு. நான் கண்ணுல படலேன்னா கூப்பிடு.

புஷ்பவல்லி: என்னங்கன்னு கூப்பிடுவேன்.

வேலாயுதம்: நூறு புருஷன் திரும்பிப் பார்ப்பான். பேரைச் சொல்லிக் கூப்பிடு.

புஷ்பவல்லி: சீ! புருஷன் பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்.

வேலாயுதம்: கல்யாணமாகி நாலு மாசம். ரயில்வே யார்டுல கூலி ஆள்லேர்ந்து துரை வரைக்கும் எல்லார் வாயிலயும் என் பேர் வருது. உன் வாயில மட்டும் வரலே. போன மாசம் தைப்பூசத்துல, பத்துமலையே வேல் வேல்னு கத்துது... நீ மட்டும் வாயை இறுக்கி மூடிட்டு நின்னே!

புஷ்பவல்லி: மனசுல சொன்னேன். சாமிக்குக் கேட்டிருக்கும்.

வேலாயுதம்: எனக்குக் கேக்கலையே... ஒரே ஒரு தடவை, புஷ்பா. இந்தச் சத்தத்துல யாருக்கும் தெரியாது.

புஷ்பவல்லி: மாட்டேன். உங்க கால் சப்பாத்தைப் பாருங்க, ரிப்பன் அவுந்து கிடக்கு.

வேலாயுதம்: வெள்ளைச் சப்பாத்துக்குச் சிவப்பு ரிப்பன்! யார்டுல பார்த்தா மானம் போயிடும்.

புஷ்பவல்லி: நாடா அறுந்து போச்சுன்னு நீங்கதானே குதிச்சீங்க? என் சடை ரிப்பனையே கழட்டிக் குடுத்தேன்... ஐயோ, இப்போ குனியாதீங்க! பெரிய நாக விளக்கு வருது... எல்லாரும் ஓடி வர்றாங்க... கையை விடாதீங்க... என்னங்க? என்னங்க!

*

புஷ்பவல்லி: ஏங்க... ஏங்க... ஐயோ, நீங்க இல்லீங்க. மன்னிச்சுக்குங்க.

கொர்னேலியஸ்: தங்கச்சி, இங்க வாங்க. நான் இந்த ஸ்டேஷன் டிக்கெட் கலெக்டர், கொர்னேலியஸ். கால் மணி நேரமா என் கேட்டுல நின்னு ஏங்க ஏங்கன்றீங்க. பதினேழு பேர் திரும்பிப் பார்த்துட்டாங்க. அதுல நானும் ஒருத்தன். யாரைத் தேடுறீங்க?

புஷ்பவல்லி: வீட்டுக்காரரை அண்ணே. கூட்டத்துல கை நழுவிடுச்சு.

கொர்னேலியஸ்: கடைசி ரயில் பத்து நிமிஷத்துல கிளம்புது. நீங்க உள்ள போய் இடம் பிடிங்க.

புஷ்பவல்லி: பாஸ் அவர் சட்டைப் பையில இருக்கு. ரயில்வே பாஸ். ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு.

கொர்னேலியஸ்: சரியாப் போச்சு! சீட்டு இல்லாம விட்டா நாளைக்கு எனக்குச் சீட்டுக் கிழிச்சுடுவாங்க. அவர் பேரைச் சொல்லுங்க, நான் கத்துறேன். என் தொண்டை பினாங்கு வரைக்கும் கேக்கும்.

புஷ்பவல்லி: பேரா...

கொர்னேலியஸ்: பேருதான்.

புஷ்பவல்லி: அது வந்துண்ணே... பத்துமலையில சாமி கையில இருக்குமே...

கொர்னேலியஸ்: நான் வேதக்காரன், தங்கச்சி. என்ன இருக்கும்? மயிலா?

புஷ்பவல்லி: மயிலை யாராச்சும் கையில வச்சிருப்பாங்களா?

கொர்னேலியஸ்: அப்போ சேவல்!

புஷ்பவல்லி: அது கொடியில இருக்கிறதுண்ணே.

கொர்னேலியஸ்: கடவுளே, ஒரு கோழிக்கு நான் எங்க போய்ப் பேர் கண்டுபிடிக்கிறது! இங்க பாருங்க, உங்களுக்குப் பின்னாடி ஐந்நூறு பேர் நிக்கிறாங்க. நீங்களே கத்துங்க. உங்களை இங்க யாருக்குத் தெரியும்? அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

புஷ்பவல்லி: வே...

கொர்னேலியஸ்: சத்தமா!

புஷ்பவல்லி: வேலா...

கொர்னேலியஸ்: இது எனக்கே கேக்கலே!

புஷ்பவல்லி: வேலாயுதம்! வேலாயுதம்! எங்க இருந்தாலும் வந்து சேருங்க... வே லா யு தம்!

வேலாயுதம்: வந்துட்டேன்! வந்துட்டேன் புஷ்பா!

கொர்னேலியஸ்: அடேயப்பா, மூணாவது தடவை கத்தி முடிக்கல, முன்னால வந்து நிக்கிறார்! பாஸைக் காட்டுங்க... சரி, ஓடுங்க லா, ஓடுங்க! மணி அடிச்சாச்சு!

*

வேலாயுதம்: அப்பாடா... காலை வைக்க இடம் இருக்கா? இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோ... கோவமா? ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது. கை நழுவினது நிஜம். ஆனா உனக்கு முன்னாடியே நான் ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். நீ வர்றதைப் பார்த்ததும் பார்சல் மூட்டைங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

புஷ்பவல்லி: கால் மணி நேரமா?

வேலாயுதம்: மயிலா சேவலான்னு அந்த ஆள் கேட்டப்போ வாயில துண்டை வச்சு அடைச்சுக்கிட்டேன்.

புஷ்பவல்லி: எதுக்காம் இந்த விளையாட்டு?

வேலாயுதம்: விளையாட்டு இல்லே... பத்து நாளா சொல்ல வாய் வரலே, புஷ்பா. என்னைக் கோலா லிப்பிஸுக்கு மாத்திட்டாங்க. திங்கக்கிழமை போகணும். கல்யாணம் ஆனவனுக்கு அங்க குவாட்டர்ஸ் இல்லே. எப்போ திரும்புவேன்னும் தெரியலே. தனியாக் கிடக்கப் போறேன், உன் வாயால ஒரு தடவை கேட்டுட்டாவது போவோம்னுதான்... என்ன, அழுறியா?

புஷ்பவல்லி: சிரிக்கிறேன்.

வேலாயுதம்: சிரிக்கிறியா?

புஷ்பவல்லி: மூட்டைக்குக் கீழ சிவப்பு ரிப்பன் தெரிஞ்சுதுங்க.

வேலாயுதம்: எப்போ?

புஷ்பவல்லி: நான் வந்து நின்ன உடனேயே.

வேலாயுதம்: அடிப்பாவி! அப்போ தெரிஞ்சேவா அவ்வளவு சத்தமா...

புஷ்பவல்லி: உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. மூட்டையைப் பார்த்துச் சொல்றது சுலபம்.

வேலாயுதம்: என் ஆயுசு?

புஷ்பவல்லி: மூணு தடவை கூப்பிட்டேன். சாமிக்கு மூணு தேங்காய் நேந்துக்கிட்டேன்.

வேலாயுதம்: நான் திங்கக்கிழமை போறேன்னு சொல்றேன், நீ தேங்காய்க் கதை பேசுறே. உனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லையா?

புஷ்பவல்லி: சட்டையைத் தோய்க்க எடுத்தப்போ அந்த மாத்தல் காகிதம் பையில இருந்துச்சு. பக்கத்து வீட்டு ரோசலின் அக்காதான் படிச்சுச் சொன்னாங்க. அன்னைக்கே அழுது முடிச்சாச்சு. அவங்க தம்பி வாலண்டைன் லிப்பிஸ்ல தையல் கடை வச்சிருக்காராம், கடைக்குப் பின்னாடி ஒரு அறை ஒழிச்சுத் தரேன்னு எழுதிட்டார். அத்தை ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்துட்டுச் சரின்னுட்டாங்க. என் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன். திங்கக்கிழமை பாஸுலயும் ரெண்டு பேர்னு எழுதி வாங்கிடுங்க, வேலாயுதம்.