கடைசிக்கு முந்தைய அசை

டீ வேண்டாம் ஐயா. பால் குடித்தால் எனக்குச் சளி கட்டும். கேட்டதற்கு நன்றி.

நான் எஸ்பெராண்டோ நாடகக் குழுவின் உச்சரிப்பு ஆசிரியர். எந்த நாட்டுக்கும் சொந்தமாகாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி அது. எந்தச் சொல்லானாலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். ‘பத்ரீனோ’ என்றால் அம்மா. ‘த்ரீ’யை அழுத்த வேண்டும். இதில் என்ன கஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு மாநாட்டு மேடையில், என் பேச்சில் தாய்மொழி வாடை அடிக்கிறது என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து பல்லிடுக்கில் பாட்டில் கார்க்கைக் கவ்விப் பேசிப் பழகினேன். “வீட்டுக்குள்ளயாவது மனுஷன் மாதிரி பேசுங்களேன்” என்றாள் மனைவி. பிறகு தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

குழுவில் குருவி என்று நாங்கள் கூப்பிடும் பெண், ஒரு பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து சீருடையோடு ஒத்திகைக்கு ஓடி வருவாள். கதாநாயகி வேஷம் அவளுக்குத்தான் கிடைத்தது. கடைசிக் காட்சியில் செத்துப்போன தாயைக் கூப்பிட வேண்டும். ‘பாத்ரினோ’ என்பாள், அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற மாதிரி. இருநூறு தடவை திருத்தியிருப்பேன்.

“அழுகை வர்ற இடத்துல நாக்கு எங்க இருக்குன்னா பாக்க முடியும் சார்?” என்றாள்.

இயக்குநரிடம் முறையிட்டேன். “விடுங்க சார், அதுலதான் உயிர் இருக்கு” என்றார். அப்படியானால் என்னுடையது பிணமா?

பிறகு வெளிநாட்டிலிருந்து மூத்த எஸ்பெராண்டோ நடிகர் ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். எஸ்பெராண்டோவில் வரவேற்றுப் பேசியது நான்தான். குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என் பக்கம் திரும்பி, “உங்க உச்சரிப்புல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நீங்க பேசினது எதுவும் மனசுல நிக்கல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“சார் இல்லன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்” என்றாள்.

பரிதாபப்பட்டாள், ஐயா. என்மேல்.

நடிகர்கள் கொப்பளிக்க உப்பு வெந்நீர் கலந்து வைப்பது என் வேலை. மறுநாள் அவள் டம்ளரில் மட்டும், சாக்கடை அடைப்பு எடுக்கிற பொடியைச் சேர்த்தேன். அவசரப்படவில்லை, நன்றாகக் கரையும்வரை கலக்கினேன். என் கையிலிருந்து வாங்கியதால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொண்டை வெந்துவிட்டது. இனிப் பேச்சு வராது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். ஒரு தாளில் எஸ்பெராண்டோவில் எழுதிக் காட்டினாள்: ‘யாரோ எதையோ கலந்துட்டாங்க சார். நல்லவேளை, நீங்க அத வாயில வைக்கலயே?’

“இல்லம்மா” என்றேன். எழுதியதில் ஒரு பிழை இல்லை.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துவிட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. ‘கோபத்தில் செய்தேன்’ என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்குக் கோபமே வராது. மாணவியின் பிழையைத் திருத்தினேன், அவ்வளவுதான்.