சிங்கப்பூர் பக்கம், கள்ளக்குறிச்சி தூரம்

இடஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த நாள். எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றுவிட்டது. வெட்கமில்லாத என் காது முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே பெரிய பெட்டியோடு ஒரு பாய். பக்கத்தில் கூலிக்காரர் ஒருவர்.

“சிங்கப்பூர்லருந்து மெட்ராஸ் எம்மாந்தூரம் பாய்?”

“மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும். பிளேன்ல நாலு மணி நேரங்க.”

“அடேங்கப்பா! உளுந்தூர்பேட்டையிலருந்து இங்க வரவே அத்தவிட ஜாஸ்தி ஆயிடுச்சே! ஊர்ல இன்னா விசேசம்?”

“நேத்து அத்தா மவுத்தாயிட்டாரு. கள்ளக்குறிச்சில எனக்காக ஒடம்ப வச்சினுகீறாங்க. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சா அடக்கம் பண்ணிடுவாங்க.”

கூலிக்காரர் சட்டென எழுந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். “வா பாய், இருவது கிலோமீட்டருதான், நடந்துடலாம்.”

இருவரும் இறங்கும்போதே ஊர்ப் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

“பொட்டிய எறக்கிடுங்கண்ணே,” என்றார் பாய். “இனிமே அவசரமில்ல.”