ஹப் மாற்றச் சொன்ன அங்கப்பன் அவர்களுக்கு

முப்பத்துநான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்த பெருந்தகையே! கணபதிப் பணிமனைக்குக் கண்ணாய் விளங்கிய காவலரே! சக்கரம் சுழலும் சத்தத்திலேயே சங்கதி சொல்லும் சதுரரே! அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அங்கப்பன் அவர்களே! தாங்கள் பணிநிறைவு பெறும் இந்நன்னாளில், பணிமனைத் தோழர்கள் பணிந்து படைக்கும் பாராட்டு மடல் இது!

இதுவரை படித்ததை அச்சகத்துக்காரர் எழுதிக் கொடுத்தார். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இனி வருவது எங்கள் மெக்கானிக் ரங்கராஜ் எழுதியது. ‘நான்’ என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. தன்னையும் ‘ரங்கராஜ்’ என்றே குறிப்பிட்டிருக்கிறார். தாங்கள் பொறுத்தருள வேண்டும். பொறுத்துப் பழகியவர் தாங்கள்.

நிதானத்தின் நிலைக்களமே! லாரிச் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் போல்ட் மரை ஒன்றிரண்டு தேய்ந்துபோனால், துளையைச் சற்றே பெரிதாக்கி, புது மரை வெட்டி, பெரிய போல்ட்டாகப் போட்டு ஓட்டலாம். அந்த இடத்தில் ஹப்பையே மாற்று என்று சொல்லி லாரிக்காரர் வயிற்றில் தாங்கள் அடித்ததில்லை. ஹப்பிலேயே விரிசல் விட்டிருந்தால், எவர் வந்து நின்றாலும் மரை வெட்டச் சம்மதித்ததும் இல்லை. இந்த நிதானமே தங்கள் பெருமை. அதற்காகத்தான் தங்களைத் தண்டித்தோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி வெள்ளி. உடுமலைப்பேட்டைக்குத் தேங்காய் லோடு ஏற்றப் போக வேண்டிய லாரியின் பின்சக்கரத்தைப் பிரித்தீர்கள். மூன்று துளைகளில் மரை போயிருந்தது. ஒரு துளையின் ஓரத்தில் மெல்லிய விரிசல். சக்கரத்தைப் பிரித்தவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைச் சக்கரத்தின் பிரேக் டிரம்மின் மேல் சாக்பீஸில் எழுதுவார். வேலைச் சீட்டில் தன் பெயரை மட்டும் எழுதுவார். இது நம் பணிமனையின் பழக்கம். ‘ஹப் மாத்தோணும், மரை போடக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, தொண்டாமுத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் புறப்பட்டுப் போனீர்கள்.

அரை மணி நேரத்தில் மேலாளர் மதன்குமார் வந்தார்.

“ஏனுங் ரங்கராஜு, புது ஹப் வர மூணு நாளாகுமாமா. லோடு அங்க காத்துட்டுக் கெடக்குது. மரையப் போட்டு உட்டுருங்க.”

“அண்ணன் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காருங்களே.”

“எழுதுனா என்னங்க? தொடச்சுப்போட்டு வேலையப் பாருங்க.”

ரங்கராஜை நிரந்தரமாக்கும் பேச்சு அந்த மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் கந்தல் துணியை டீசலில் நனைத்தார்; தங்கள் எழுத்தைத் துடைத்தார். மரை வெட்டும்போது விரிசல் நகத்தில் தட்டியது. தட்டவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்று பார்த்தோம்.

பதினோராம் நாள் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஹப் பிளந்து சக்கரம் கழன்றோடியது. லாரி கவிழ்ந்தது. டிரைவர் தம்பிதுரையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணை வந்தது. வேலைச் சீட்டில் தங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது.

“சாக்பீஸ்ல எழுதி வெச்சனுங்க. எல்லாருந்தான் பாத்தாங்க, கேட்டுப் பாருங்க” என்றீர்கள். எத்தனை நம்பிக்கை எங்கள் மேல்! ஏழு பேரைக் கேட்டார்கள். ‘அப்படி எதையும் பார்க்கவில்லை’ என்று எழுதி ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து ரங்கராஜுடையது. அந்த மாதக் கடைசியில் அவர் நிரந்தரமானார். ஃபோர்மேனாக இருந்த தாங்கள் பஞ்சர் ஒட்டப் போனீர்கள்.

பொறுமையின் பிறப்பிடமே! தம்பிதுரை ஒருநாள் கட்டையை ஊன்றிக்கொண்டு பணிமனைக்கு வந்தார். “நீங்க பாத்த வண்டின்னு நம்பித்தானுங்க எடுத்துட்டுப் போனேன்” என்றார், அத்தனை பேர் முன்னால். தாங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நாங்கள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மானங்கெட்டவர்கள் என்று எங்களைச் சொல்லத் தங்களுக்கு வாய் வரவில்லை. எனவே நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ரங்கராஜ் தங்கள் வீட்டுக்கு வந்தார். “அண்ணா, மடல்ல நெசத்த எழுதிப்போடறனுங்க” என்றார். அழுதார் என்பதையும் எழுதியே தீருவேன் என்றார். தேவையில்லை என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அதற்குத் தாங்கள் சொன்னீர்கள்:

“ஒம்பது வருசம் ஒண்ணாத்தான டீ குடிச்சோம் ரங்கராஜு. அப்பச் சொல்லியிருந்தீன்னா எனக்கு ஒதவியிருக்கும். இப்பச் சொன்னா உனக்குத்தான் நல்லாருக்கும்.”

தங்கள் துணைவியார் முத்தாத்தாள் அம்மா, கொண்டுவந்த காப்பியைக் கீழே வைக்காமல் உள்ளே திருப்பி எடுத்துப் போனார். வந்தவருக்குத் தண்ணீராவது கொடுக்காமல் அனுப்பாத வீடு அது. ரங்கராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தாங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஆகவே இதை மன்னிப்புக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன பதவி இன்று மாலை ஐந்து மணிக்குமேல் திரும்பி வராது. எங்களால் முடிந்தது ஒன்றுதான்: தம்பிதுரையை முன்வரிசையில் உட்கார வைத்து, மேடையில் தலைமை தாங்கும் மதன்குமார் அவர்களின் முன்னிலையில் இதை உரக்கப் படிப்பது. இதன் நகல் காலையில் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. நாளை எங்களை வாசலில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

அன்று பொய்க்குக் கையெழுத்திட்ட ஏழு பேரில் மூவர்தான் இதில் கையெழுத்திட முன்வந்தோம். மற்ற நால்வர் மாலைக்கும் சால்வைக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். மாலை நன்றாகவே இருக்கிறது.

அங்கப்பன் அவர்களே! நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! முத்தாத்தாள் அம்மாவோடு மனம் குளிர வாழ்க! எங்களை மன்னிக்காமலே நிம்மதியாக வாழ்க!

இங்ஙனம்,

லட்சுமணசாமி, பார்த்தவன்
சசிதர், பார்த்தவன்
ரங்கராஜ், அந்த ஹப்பில் மரை வெட்டியவன்