கோட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை

என் வேலை சும்மா உட்கார்ந்திருப்பதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சோதனைக்கு விடும் ஏவுகணை ஒழுங்காகப் போனால் எனக்கு வேலையே கிடையாது. பாதை மாறி, ஆள் இருக்கும் பக்கம் திரும்பினால் மட்டும் என் முன்னால் இருக்கும் பொத்தானை அழுத்தி அதை வானத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும். என் மகள் சின்னவளாக இருந்தபோது, அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, சும்மாதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் பாவப்பட்டு அவளுக்குப் பழைய புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் வெகுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டில் என்றால் நானும் அவளும்தான். அவள் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள்.

மாப்பிள்ளை இறந்ததற்குக் காரணம் என்னுடைய மறதி என்று விசாரணை அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், தெரிகிறது. ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் திரையில் இருக்கும் வரைபடத்தில் சிவப்புக் கோடு போடுவது என் பொறுப்பு. குடியிருப்பு, சாலை, கட்டுப்பாட்டு அறை என்று ஆள் இருக்கும் இடமெல்லாம் கோட்டுக்குள் வரும். ஏவுகணை அந்தக் கோட்டை நெருங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். கோட்டுக்கு வெளியே வெறும் பொட்டல். அங்கே விழப்போகிறது என்றால் விட்டுவிடுவோம். விழுகிறவரை அது அனுப்புகிற தகவல்தானே எஞ்சினியர்களுக்கு வேண்டும். அந்தப் பொட்டலில் படம் பிடிக்க மூன்று கேமராக் கொட்டகைகள் உண்டு. கட்டுப்பாட்டு அறையிலிருந்தே இயக்குவதால் ஆள் இருக்காது. எப்போதாவது இணைப்புக் கெட்டுப்போனால் ஒருவர் போய்க் கையால் இயக்குவார். அன்றைக்கு அந்தக் கொட்டகையையும் கோட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பதும் நான்தான், கோடு போடுவதும் நான்தான்.

மாப்பிள்ளை கேமராப் பிரிவில் இருந்தார். நானே தேடிப் பிடித்த வரன். வெளியூரில் கொடுத்தால் மகள் கண்ணுக்கெட்டாமல் போய்விடுவாள் என்று, இதே குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளி இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தேன். அதிர்ந்து பேசமாட்டார். நான் போனால் எழுந்து நிற்பார். அவரிடம் ஏதாவது குறை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடலோரத்தில் இருக்கும் ட்ரோன் தளத்துக்கு மாற்றல் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து, ஒருநாள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் மகளைப் பார்த்தேன்.

"நான்தாம்ப்பா கேக்கச் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் இருக்கணும்" என்றாள்.

அவர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகளை எனக்குத் தெரியாதா. அவள் கை கன்றிப்போயிருந்ததாகப் பக்கத்து வீட்டம்மா உங்களிடம் சொன்னார்களாம். மாப்பிள்ளை அடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், நான் கையைப் பிடித்தேன். அப்பா மகள் கையைப் பிடிப்பதெல்லாம் ஒரு விஷயமா.

அதற்குப் பிறகு மூன்றாவது கொட்டகையின் இணைப்புப் பழுதானது. சரிசெய்ய நான் ஆளைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையைப் போகச் சொன்னேன். கோட்டை மட்டும் மாற்றவில்லை. அடுத்த சோதனைக்கும் அப்படித்தான், அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். ஏவுகணை பெரும்பாலும் நேராகத்தான் போகும், உங்களுக்கே தெரியும். அவர் போக வேண்டியவர் என்றால் போகட்டும், இல்லையென்றால் சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வந்தார். நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் அது கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் திரும்பிவிட்டது. பின்னால் நின்ற சோதனை இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு, வெளியேதான் விழும், விடுங்கள் என்றார். அவர்மேல் தப்பில்லை. அவர் பார்த்தது என் கோட்டை.

கொட்டகையோடு பேசும் போன் என் காதில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை. நான் சொல்லாமல் இருந்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

"மாமா, கேமராவுல இது பக்கவாட்டுல நகரவே மாட்டேங்குது. பெருசாகிட்டே மட்டும் வருது, என் பக்கமாத்தான் வருதோ என்னவோ. குழிக்குள்ள போயிடட்டுமா?"

கொட்டகைக்குப் பின்னாலேயே பதுங்குகுழி இருக்கிறது. போக நேரம் இருந்தது. பொத்தானை அழுத்தவும் நேரம் இருந்தது.

"வேணாம் மாப்பிள்ளை. நேராத்தான் போகுது. படத்தை விட்டுடாதீங்க" என்றேன்.

"சரி மாமா" என்றார்.

வெடிமருந்து இல்லாத சோதனை ஏவுகணைதான். ஆனாலும் அந்த வேகமும் மிச்சமிருந்த எரிபொருளும் ஒரு தகரக் கொட்டகைக்குத் தாராளம். படத்தைக் கடைசிவரை விடவில்லை, நன்றாகவே பிடித்திருக்கிறார். எஞ்சினியர்கள் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

என்னைப் படுத்துவது அந்த "சரி மாமா"தான். அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை. குழாயை மூடுகிறேன், சரி மாமா என்று கேட்கிறது. செருப்பைக் கழற்றிப் போடுகிறேன், பின்னாலேயே சரி மாமா. யாராவது எனக்குச் சரி என்று தலையாட்டினால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது ஐயா. வயசான காலத்தில் இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை.

நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மகளுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்பின் தெரியாத ஊரில் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகப்போகச் சரியாகிவிடும்.

இன்றைக்கு என்னை அனுப்பமாட்டீர்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் ஒரு உதவி செய்யுங்கள். இந்தச் சாவிகளை யாரிடமாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. பெரிய சாவி வாசலுக்கு. சின்னது அவள் அறைக்கு, வெளிப்பக்கம் பூட்டியிருக்கும். திறக்கும்போது கதவை அகலமாகத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னை விட்டால் போக்கிடம் இல்லை என்பது அவளுக்கு இன்னும் புரியவில்லை.