சுடுதண்ணிக்கும் விடாத முகம்

— மெல்லச் சுரண்டும், கிரிகோரி! அது என்ரை முகம்.

— தெரியும் தலைவர். இந்தப் போஸ்டரிலை எந்த மூலையிலை தொடங்கினாலும் உங்கடை முகத்திலைதானே வந்து முடியுது. நான் என்ன செய்ய?

— நையாண்டி பண்ணாதையும். தொப்பி வடிவா இறங்கி இருக்கோ பாரும். மூக்குத் தெரியுதோ?

— கண் மட்டும்தான் தெரியுது. கழுத்துச் சால்வையையும் வாயைச் சுத்திக் கட்டி, ஏதோ நகைக்கடை உடைக்க வந்த ஆள் மாதிரி நிக்கிறியள். கோவிக்காதேங்கோ.

— சனிக்கிழமை காலமை, லா சப்பல் முழுக்கச் சனம். பாரிஸ் முத்தமிழ் இன்னிசை மன்றத் தலைவர் றோட்டிலை குந்தியிருந்து கடைக் கண்ணாடி சுரண்டுறார் எண்டு ஆரும் படம் எடுத்துப் போட்டால் மன்றத்தின்ரை மானம் என்னாகிறது? விளங்குதோ?

— விளங்குது. ஆனால் போன கிழமை முழுக்க உங்கடை முகத்தை ஊருக்குக் காட்டத்தானே நான் குளிருக்குள்ளை ஏணியோடை திரிஞ்சனான். இப்ப நீங்களே மூடிக்கொண்டு நிண்டால் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு.

— அது வேறை, இது வேறை. கடைக்காரன் போனிலை என்ன சொன்னவன் தெரியுமோ? "மகேந்திரராசா அண்ணை, உங்கடை கச்சேரியைக் கொண்டுவந்து ஒரு செத்தவீட்டு அறிவித்தலுக்கு மேலை ஒட்டிக் கிடக்கு. அந்த ஆக்கள் பாத்திட்டு அழுகினம். மத்தியானத்துக்கு முதல் எடுத்துவிடுங்கோ, கீழை உள்ளது கிழியாமல்" எண்டான். கிழியாமல்! விளங்குதோ?

— ஆற்றை அறிவித்தல் எண்டு சொன்னவனே?

— கேக்கேல்லை. வெக்கத்திலை போனை வைச்சிட்டன். ஏன் காணும், உமக்குக் கண் எங்கை போனது? செத்தவீட்டு நோட்டீசுக்கும் கச்சேரிப் போஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாதே?

— நீங்களே சொல்லுங்கோ தலைவர். மேலை ஒரு ஆளின்ரை பெரிய படம். கீழை திகதி, நேரம், இடம். அதுக்குக் கீழை "அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்". கடைசியிலை கனடா, லண்டன், சுவிஸ் எண்டு வரிசையா ரெலிபோன் நம்பர். எங்கடை போஸ்டரிலை வேறை என்ன கிடக்கு? அண்டைக்கு மழையும் தூறிச்சுது. படத்திலை அந்த மனிசன் கலர் வெளிச்சத்துக்குள்ளை, கீபோட்டுக்குப் பின்னாலை நிக்கிறார். சரி, எங்களிட்டை இருந்து உடைஞ்சு போன மற்ற மன்றத்தின்ரை கச்சேரிதான் எண்டு நினைச்சு மேலை ஒட்டிப்போட்டன். அவையின்ரை எங்கை கண்டாலும் மூடும் எண்டது நீங்கள்தானே.

— சொன்னனான்தான். அவங்கள் ஏன் உடைஞ்சு போனவங்கள் எண்டு தெரியும்தானே உமக்கு?

— ஓம். போன முறை போஸ்டரிலை செயலாளரின்ரை படம் உங்கடை படத்திலும் பாக்க ஒரு விரல் பெரிசா வந்திட்டுதாம்.

— அது கொள்கைப் பிரச்சினை, காணும். சரி, ஒட்டினீர். எல்லாரையும் போலை செலோரேப்பாலை ஒட்டியிருக்கலாமே? கோந்து ஏன்?

— கோந்தும் நீங்கள் சொன்னதுதான். "அவங்கள் கிழிக்க ஏலாத மாதிரி ஒட்டும் கிரிகோரி, சரித்திரத்திலை நிக்கவேணும்" எண்டியள். நிக்குது. அய்யோ, பாடகி கிழிஞ்சு போனா.

— எந்தப் பாடகி?

— உங்கடை பாடகிதான் தலைவர். சென்னையாலை கூப்பிட்ட பிள்ளை. இந்தா, விளம்பரக் காசு தந்த நகைக்கடை முதலாளியின்ரை முழங்கைக்குக் கீழை, முத்திரை அளவிலை.

— அவ கிழிஞ்சால் பரவாயில்லை. அவவும் தாயும் இப்ப எங்கடை வீட்டிலைதான் நிக்கினம். என்ரை மனிசி கோசலை இடியப்பம் அவிச்சே களைச்சுப் போனாள். இவ நாளைக்கு என்னத்தை வைச்சுப் பாடப் போறா எண்டதுதான் என்ரை யோசனை. வாத்தியக்காரர் ஒருத்தனுக்கும் விசா இல்லை.

— "முழுக்க முழுக்க நேரடி இசை" எண்டு இவ்வளவு பெரிசா அடிச்சுக் கிடக்கே.

— சவிரிமுத்தரை நம்பித்தான் அடிச்சனான். உமக்கு அவரைத் தெரியாது, நீர் மன்றத்துக்குப் புதிசு. இருபது வரியமா எவனுக்கு விசா பிழைச்சாலும் அந்த மனிசன்தான் எனக்குக் கை குடுக்கிறது. பகலிலை ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுவார். பின்னேரம் வந்து மேடையின்ரை இருட்டு மூலையிலை கீபோட்டோடை நிண்டால், ஒரு ஓர்க்கெஸ்ட்ரா முழுக்க அவற்றை பத்து விரலிலை இருந்துதான் வரும்.

— பேந்தென்ன, அவரைக் கூப்பிடுறதுதானே?

— போன் எடுக்கிறாரில்லை! நான் சென்னையிலை நிண்ட நேரம் பாத்து அவங்கள் ஆளை வளைச்சுப் போட்டாங்கள், வேறை என்ன? விசா இல்லை எண்ட நாளிலை இருந்து ஒவ்வொரு நாளும் அடிக்கிறன். ரெப்போந்தர் மெசினிலை குரலைப் பதிஞ்சுதான் விட்டுக்கொண்டு இருக்கிறன். குடுத்தனே நல்லா! "உம்மை மேடையேத்தினது ஆர்? பொன்னாடை போட்டது ஆர்? காசுக்கு விலைபோன நாய்" எண்டு.

— நாய் எண்டுமோ?

— கோவத்திலை வந்திட்டுது. நன்றி கெட்ட மனிசருக்கு அப்பிடித்தான்.

— பொறுங்கோ தலைவர், நடுவிலை விடுது. கீபோட் தெரியுது. அங்காலை ஒரு பொன்னாடை. ஒரு கையும் தெரியுது.

— செத்தவற்றை கையாக்கும்.

— இல்லை, இது வேறை ஆற்றையோ கை. அவற்றை தோளிலை பொன்னாடை போடுற கை. ஆளை வெட்டிப்போட்டு அவரை மட்டும் எடுத்திருக்கினம், கை மட்டும் மிஞ்சிப் போச்சு. ரெண்டு விரலிலை கல்லு மோதிரம். அட, உங்கடை மோதிரம் மாதிரியே கிடக்கு! கிளவுசைக் கழட்டுங்கோ பாப்பம்.

— தேவையில்லை.

— கழட்டுங்கோவன், ஒரு பகிடிக்கு.

— தேவையில்லை எண்டனான். பேரைப் பாரும். கீழை பேர் கிடக்கும்.

— "அமரர்"... பொறுங்கோ, ஈரத்திலை ஒட்டுது... "சவிரி"...

— வாசியாதையும்.

— "சவிரிமுத்து. முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி." தலைவர், நாளைக்கு! எங்கடை கச்சேரியும் நாளைக்கு மூண்டு மணிக்கு.

— முப்பத்தோராம் நாளோ?

— அப்ப நீங்கள் சென்னைக்குப் பிளேன் ஏறின கிழமை செத்திருக்கிறார். அப்பிடியெண்டால், நீங்கள் போனிலை விட்ட அவ்வளவும்...

— வாயை மூடும். ஆரோ கடைக்குள்ளாலை வருகினம்.

— அண்ணை, வாளியிலை சுடுதண்ணி கொண்டுவந்தனான். காய்ஞ்ச கோந்து பச்சைத்தண்ணிக்கு அசையாது.

— சுகிர்தம்! தங்கச்சி, நீங்கள் இஞ்சை?

— நான் இந்தக் கடையிலைதானே பிளவுஸ் தைக்கிறன், அண்ணை. அதாலைதான் என்ரை மனிசனுக்குக் கண்ணாடியிலை நடு இடமாத் தந்தவை. பரவாயில்லை, நீங்கள் எழும்பாதேங்கோ. தொப்பியும் சால்வையுமா இருக்க முதல் ஆரெண்டு மட்டுக்கட்டேல்லை. பேந்து குரல் கேட்டுது. உங்கடை குரல் எனக்கு இப்ப நல்ல பழக்கம்.

— தங்கச்சி, அந்த மெசேஜ்...

— பரவாயில்லை அண்ணை. அவற்றை போனை நான் நிப்பாட்டேல்லை. செய்தி தெரியாத ஆக்கள் எடுப்பினம், சொல்லுவம் எண்டு வைச்சிருந்தன். செத்தவீட்டுக்கு அடிச்சு என்னத்தைக் கதைக்கிறது எண்டு சனம் விட்டிட்டுது. ஒவ்வொரு நாளும் விடாமல் எடுத்தது நீங்கள் ஒராள்தான்.

— நீங்கள் எடுத்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்...

— சொல்லத்தான் இருந்தன். முதல் என்ன விட்டிருக்கிறியள் எண்டு கேப்பம் எண்டு போட்டன். நாய் எண்டு கேட்டுது. பேந்து கை வரேல்லை.

— அக்கா, கோவிக்காதேங்கோ. ஒட்டினது நான்தான். எனக்கு அண்ணையைத் தெரியாது.

— மற்றத் தெருக்கள், ரூ பெர்தொனேயிலையும் ரூ பிலிப்-து-ஜிராரிலையும் ஒட்டினது நீங்கள்தானோ, தம்பி?

— ஓம் அக்கா. தேடித் தேடி ஒட்டினனான்.

— என்ரை மகள் ஜெனிற்றா பியர்ஃபித்திலை இருந்து லீவு போட்டு வந்து ஒவ்வொரு கடையாக் கேட்டுக் கேட்டு ஒட்டினது. நேற்று வந்து பாத்தால் ஒரு இடத்திலையும் அப்பா இல்லை. எல்லா இடத்திலையும் நீங்கள், அண்ணை. பூசை இருக்கெண்டு ஒரு குருவிக்கும் தெரியாது. சாப்பாட்டுக்கும் சொல்லிப்போட்டம்.

— தங்கச்சி, நான் சரிப்பண்ணுறன். விளங்குதோ? நாளைக்கு மேடையிலை, குத்துவிளக்கு ஏத்தினவுடனை, ஒரு நிமிச மௌன அஞ்சலி. என்ரை தலைமை உரையிலை விசேடமாச் சொல்லுறன். "இசைத்திலகம்" எண்டு பட்டம். படத்துக்குப் பொன்னாடை...

— பொன்னாடை இந்தப் படத்திலையே போட்டிருக்குத்தானே, அண்ணை. இந்தா, உங்கடை கை.

— ஓம்... அது பத்தாவது ஆண்டு விழா.

— அவர் மேடையாலை இறங்கக் கீழை ஒராள் நிண்டு அதை வாங்கிப்போட்டார், அடுத்த ஆளுக்குப் போடவேணும் எண்டு. வீட்டை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்ச மனிசன். "சுகிர்தம், அந்தப் பொன்னாடை இண்டைக்கு ஒரு ஊரையே கட்டிப்பிடிச்சிட்டுது" எண்டு.

— அண்டைக்குத் துணிக்கடைக்காரன் மிச்சத்தைப் பிந்தித்தான்...

— இந்தக் கடைதான் அண்ணை. நான்தான் கட்டித் தந்தனான். நீங்கள் வாங்கினது ஒண்டுதான்.

— தலைவர், வாளி சரியப் போகுது, காலை எடுங்கோ.

— அந்தப் படத்தையே போடச் சொல்லி அவர்தான் கேட்டவர், ஆசுப்பத்திரியிலை கிடந்து. "இந்தத் தெருவிலை எத்தினை கச்சேரிக்குப் போஸ்டர் ஒட்டினவை, ஒண்டிலையும் நான் இல்லை. செத்தாலாவது கடைக் கண்ணாடியிலை வருவன்தானே" எண்டார். பகிடியாத்தான் சொன்னவர். எல்லாத்தையும் பகிடியாத்தான் சொல்லுவார்.

— கிரிகோரி, அந்தத் தகட்டை இஞ்சை தாரும். நான் சுரண்டுறன்.

— நீங்களோ? உங்கடை கோட்டு நனையுமே.

— தாரும் எண்டனான்! தண்ணியை ஊத்தும். இன்னும். மேலை மட்டும்தானே மிச்சம்?

— ஓம், உங்கடை முகம் மட்டும்தான். மற்ற எல்லாம் விட்டிட்டுது, முகம்தான் விடுதில்லை. அவற்றை முகத்துக்கு மேலை கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கா ஒட்டுப்பட்டுக் கிடக்கு. நான் பாத்து ஒட்டினனான் இல்லை, தற்செயல்.

— விடும். விடும் எண்டுறன், சனியன் பிடிச்ச முகம்!

— அண்ணை, வேண்டாம். கையை எடுங்கோ. நீங்கள் தேய்க்கத் தேய்க்க அவற்றை நெத்தியும் சேந்து வருது, பாருங்கோ. இன்னும் இழுத்தால் ரெண்டு பேருமே போயிடுவியள்.

— நான் புதிசா அடிச்சுத் தாறன், தங்கச்சி. இண்டைக்கே. இப்பவே.

— இண்டைக்கு அடிச்சு நாளைக்கு ஆர் வாசிக்கிறது? பரவாயில்லை, அப்பிடியே கிடக்கட்டும். கீழை திகதியும் நேரமும் சேர்ச்சும் தெரியுதுதானே. வாளியை வாசலிலை வைச்சுவிடுங்கோ. எனக்கு உள்ளுக்கை கல்யாணப் பொம்பிளை ஒருத்தி அளவு குடுக்கப் பாத்துக்கொண்டு நிக்கிறா.

— போயிட்டா, தலைவர். எழும்புங்கோ. மற்றக் கடைகளும் கிடக்கு. தலைவர்?

— ஒருக்காலும் வீட்டை வா எண்டு கூப்பிட்டதில்லை, கிரிகோரி. இருபது வரியம். கச்சேரி முடிய நாங்கள் எல்லாம் பாடகரோடை சாப்பிடப் போவம். அந்த மனிசன் தனிய வயர் சுத்திக்கொண்டு நிப்பார்.

— சரி, இப்ப றோட்டிலை இருந்து அதை யோசியாதேங்கோ. சனம் பாக்குது, சால்வை நழுவாமல் பிடியுங்கோ.

— தம்பியவை, வழியிலை வாளியை வைச்சுக்கொண்டு... கொஞ்சம் விலத்துங்கோ, என்ரை மரக்கறி வண்டில் போகவேணும். அடக் கடவுளே! உந்தப் படத்திலை எங்கடை மகேந்திரராசாவெல்லே? மன்றத் தலைவர்! உவரோ மோசம் போயிட்டார்?

— இல்லை அக்கா, அது வந்து கோந்து...

— கிரிகோரி, நீர் பேசாமல் நில்லும். ஓம் அக்கா. போயிட்டார்.

— முப்பத்தோராம் நாள் எண்டு பெரிசாக் கிடக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! மூக்குக்கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன், மற்றச் சின்ன எழுத்துகள் தெரியுதில்லை. எங்கையாம் தம்பி, எத்தினை மணிக்கு?

— இந்தத் தெருமுனைச் சேர்ச்சிலை. நாளைக்கு மூண்டு மணிக்கு.

— சேர்ச்சிலையோ? அந்தாள் நெத்தி நிறைய விபூதியோடை திரிஞ்ச சைவமெல்லே?

— கடைசி நேரத்திலைதான் அக்கா, கொஞ்சம் மாறினவர்.

— பாவம். ஆனால் நாளைக்கு மூண்டு மணிக்கு அவற்றை கச்சேரியெல்லே? நாங்கள் குடும்பமா டிக்கெட் எடுத்து வைச்சிருக்கிறம்.

— தலைவரே போயிட்டார், பிறகென்ன கச்சேரி? நீங்கள் பூசைக்கு வாங்கோ, அக்கா. டிக்கெட் எடுத்த ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.